வாந்திக்கு ஒன்று, வலிக்கு ஒன்று

போன மாசம் எனக்கு ஹேர்னியா ஒப்பரேஷன் நடந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் கட்டிலோரம் நின்ற எனக்கு, கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பது பெரிய தண்டனையாக இருந்தது. சுற்றிவர நடப்பதெல்லாம் எனக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் யாரையும் அதட்ட முடியாது, எழும்பிப் போய் ஒரு ஊசியைப் பார்க்கவும் முடியாது.

பின்னேரம் ஒரு சின்னப் பிள்ளை வந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தாதி.

“ஆன்ட்டி, வலி எத்தனை சொல்லுங்க. வலியே இல்லன்னா பூச்சியம், தாங்கவே முடியலன்னா பத்து.”

“ஆறு” என்றேன்.

“வாந்தி வர்ற மாதிரி இருக்கா?”

“இருக்கு மகள்.”

அவள் என் மருந்து அட்டையைப் பார்த்தாள். மருந்துத் தட்டில் எடுத்து வைத்திருந்த ஒரு குப்பியைத் திருப்பி வைத்துவிட்டு, “உங்களுக்கு வலிக்கு ட்ரமடோல் போகுது ஆன்ட்டி. அதனால இந்த வாந்தி மருந்து வேணாம், வேற ஒன்னுக்கு டொக்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளை பயந்து போய் ஆறை வெட்டிவிட்டு ஏழு என்று எழுதினாள். “ஐயோ, வலி இல்லடி, சந்தோசம்” என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்கு நான் சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு வாயைத் திறந்தாலே குமட்டியது. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, கண்டியில் தாதிப் பயிற்சி முடித்து, வேலைக் காலத்தின் பெரும்பகுதியை மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் கழித்தேன். பெயர் ரீட்டா. நோயாளிகளுக்கு ரீட்டா மிஸ்ஸி. வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு விஷயந்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் ஒப்பரேஷன் முடிந்து வருகிறவர்களுக்குப் பெத்தடினையும் புரோமெதசினையும் ஒரே ஊசியில் எடுத்துப் போடுவது வழக்கம். ஒன்று வலிக்கு, மற்றது வாந்திக்கு. ஆள் அசையாமல் கிடப்பார், வாட்டு அமைதியாக இருக்கும், பெரிய சிஸ்டருக்கு மனம் குளிர்ந்துவிடும். ஒருநாள் பூண்டுலோயாவிலிருந்து வந்திருந்த ஒரு காவல்காரத் தாத்தாவைத் தேத்தண்ணி குடிக்க எழுப்பினேன். எழும்பவில்லை. கன்னத்தில் தட்டினேன், ம்ஹூம். நெஞ்சு எப்போதாவது ஒருதரம்தான் ஏறி இறங்கியது. வாந்தி மருந்தும் ஆளைத் தூங்க வைக்கிற சாமான், வலி மருந்தும் தூங்க வைக்கிற சாமான். ரெண்டும் கைகோர்த்துக்கொண்டு மனுஷனை அடி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தன. மாற்று மருந்து போட்டு எழுப்பினார்கள். எழுந்தவர் முதலில் கேட்டது ஆறிப் போன அந்தத் தேத்தண்ணியைத்தான். அதன் பிறகு அமைதியான நோயாளியைக் கண்டால் கிட்டப் போய் மூச்சை எண்ணிப் பார்ப்பேன்.

வருஷங்கள் ஓடின. மருந்துகள் மாறின. வாந்திக்கு ஒண்டான்செட்ரோன் வந்தது. தூக்கம் வராது, தலை சுற்றாது, தங்கமான மருந்து என்று நாங்கள் எல்லோரும் கொண்டாடினோம். ட்ரமடோல் ஊசி போட்டால் பலபேருக்குக் குமட்டும். ஆகவே ட்ரமடோல் போட்ட கையோடு ஒண்டான்செட்ரோன் போடுவது வாட்டின் பழக்கமாகிவிட்டது. யாரும் அதைப் பற்றி இரண்டாம் தரம் யோசித்ததில்லை.

எங்களுக்கு மயக்க மருந்து நிபுணராக வந்தவர் அனோமா டொக்டர். மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண். மலைநாட்டுக் குளிர் அவருக்குக் கடைசி வரைக்கும் ஒத்து வரவில்லை. வாட்டுக்குள் வந்ததும் வெறுந்தேத்தண்ணி ஒரு கிளாஸ் கேட்பார். குடிக்க அல்ல. இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் கை சூடானதும் மேசையில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் நோயாளியின் வயிற்றில் கை வைப்பார். தேத்தண்ணியை நான் குடித்துவிடுவேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று அவர் பேசி நான் கண்டதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். “வலிக்குதா?” என்று கேட்கமாட்டார். தனக்குத் தெரிந்த தமிழில், “அம்மா, இருமு பாக்கலாம்” என்பார். வயிற்றைக் கிழித்துத் தைத்தவருக்கு இருமினால்தான் உண்மை தெரியும் என்பது அவர் கணக்கு. பிழை ஏதும் கண்டால் நோயாளிக்கு முன்னால் யாரையும் ஏசமாட்டார். “பொட்டக் இன்ன” என்பார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். அதைக் கேட்டாலே சின்ன டொக்டர்மாருக்கு முகம் வெளுத்துவிடும்.

வலிக்கு எண் கேட்கிற முறை வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஒவ்வொரு முறை நாடி பார்க்கும்போதும் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்டு எழுத வேண்டும். நல்ல முறைதான். குறை சொல்ல மாட்டேன். அதே காலத்தில் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு. மோர்ஃபின் குப்பிகளை எண்ணி எண்ணித்தான் எடுப்போம். காலையில் வேலைக்கு வந்தால், அது இல்லை, இது இல்லை, அதற்கு என்ன செய்வது என்று கட்டில்களுக்கு நடுவே நின்று சத்தமாகப் பேசிக்கொள்வோம்.

அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் வந்தவள்தான் சரோஜா. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். பித்தப்பையில் கல், சீழ் பிடித்து, சிறு துளை போட்டு எடுக்கச் சரிவராமல் விலாவுக்குக் கீழே நீளமாகத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்துக் காயம் பொல்லாதது. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தரமும் இழுபடும். வலி தாங்காமல் மேலோடு மூச்சு விட்டால் நெஞ்சின் அடிப்பாகத்துக்குக் காற்றுப் போகாது, சளி கட்டும், காய்ச்சல் வரும். எங்கள் குளிருக்கு அது சீக்கிரம் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும்.

முதுகு வலிக்கென்று கடையில் டிக்ளோஃபெனாக் வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கி அவளுக்கு ஏற்கெனவே குடற்புண். ஆகவே அந்த வகை மருந்து எதையும் தொட முடியாது. பரசிட்டமோலும் ட்ரமடோலும் கொடுத்தோம். வாந்தி எடுத்தாள். ஒண்டான்செட்ரோன் கொடுத்தோம். கொஞ்சம் நின்றது, பிறகும் குமட்டியது. இன்னும் கொடுத்தோம். வலி எத்தனை என்று கேட்டபோதெல்லாம் அவள் சொன்னது ஒரே பதில்: “ரெண்டுங்க.” ரெண்டு என்றால் நல்ல பிள்ளை, வலி மருந்துக்கு அடங்குகிறது, வாந்தியை மட்டும் பார்த்தால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவளுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. புருஷன் மட்டும். முத்தையா என்று பெயர், அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். பஸ்ஸைப் பிடித்து, பகல் பார்வையாளர் நேரத்துக்கு முதல் ஆளாகக் கதவண்டை நிற்பார். பெண்கள் வாட்டு என்பதால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடக் கூச்சம். நின்றபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒப்பரேஷனுக்கு மறுநாளுக்கு மறுநாள் பகல் என்னிடம் வந்தார். கையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

“மிஸ்ஸி, அவளுக்கு என்னமோ ஆயிருச்சுங்க.”

“என்ன ஆச்சு? வாந்தி எடுத்தாளா?”

“அது இல்லீங்க. என்னைய, ‘சாப்டீங்களா’ன்னு கேட்டாங்க... கேட்டா.”

“கேட்டா என்ன? பொண்டாட்டி புருசன்கிட்ட சாப்டீங்களான்னு கேக்கக் கூடாதா?”

“கட்டுனதுலேர்ந்து, ‘ஏ மனுசா’ன்னுதாங்க கூப்புடுவா. எனக்கு மரியாத குடுத்ததே இல்ல. எங்கம்மா செத்தப்ப ஒரு தரம் குடுத்தா, அப்புறம் ஒரு தரம் பாம்பு கடிச்சப்ப. இன்னைக்கி மூனாந்தரம். எனக்கு பயமா இருக்குதுங்க மிஸ்ஸி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷனின் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. நேரே கட்டிலுக்குப் போனேன்.

சரோஜா மல்லாந்து கிடந்தாள், மிகவும் அமைதியாக. போர்வைக்கு வெளியே இருந்த ஒரு கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. மூச்சு நாய்க்குட்டிக்குப் போல மேலோடு, வேகமாக. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது.

“சரோஜா, வலி எத்தனை புள்ள?”

“ரெண்டுங்க.”

“எங்க, ஒரு தரம் இருமு பாப்போம்.”

இருமுவதற்கு மூச்சை இழுத்தாள். பாதியில் நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. சத்தம் மட்டும் வரவே இல்லை. ஒக்சிஜனைப் போட்டுவிட்டு, ஒப்பரேஷன் தியேட்டருக்கு ஆள் அனுப்பினேன்.

அனோமா டொக்டர் தியேட்டர் உடுப்போடே வந்தார். தேத்தண்ணி கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நெஞ்சில் குழாயை வைத்து, முன்னால் பின்னால் எல்லாம் கேட்டார். அடிப்பாகத்தில் காற்றுச் சத்தம் குறைந்திருந்தது. இப்படியே விட்டால் இரவுக்குள் கண்டிக்கு அனுப்ப வேண்டி வரலாம், போகும் வழியில் என்ன ஆகுமோ தெரியாது என்று எனக்குச் சிங்களத்தில் சொன்னார். முத்தையாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அவர் சுவரோடு சாய்ந்துவிட்டார்.

பிறகு டொக்டர், “ரெண்டு என்று ஏன் சொல்கிறார் என்று கேளுங்கள் மிஸ் ரீட்டா” என்றார்.

நான் குனிந்து கேட்டேன். “ஏன் புள்ள, இம்புட்டு வலிய வச்சிக்கிட்டு ரெண்டு ரெண்டுன்னு சொல்ற?”

சரோஜா பயந்து போய் என்னைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்:

“ரெண்டு கேட்டது கூடங்களா மிஸ்ஸி? அப்ப ஒன்னே போதுங்க.”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை.

“எது ஒன்னு போதும்?”

“மருந்துங்க. பத்துல எத்தன வேணும்னு கேக்கறீங்க இல்லீங்களா. மருந்து இல்ல இல்லன்னு நீங்க பேசிக்கிட்டீங்க. பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் வேணும்தானுங்களே. கூட கேட்டா நல்லா இருக்குமாங்க?”

தேயிலைத் தூளோ கம்பளியோ, தோட்டத்தில் எதுவும் யாரோ அளந்து கொடுத்துத்தான் கைக்கு வரும். கூடக் கேட்டவளுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று அங்கே வளர்ந்த எனக்குத் தெரியாதா என்ன. எண்ணைக் கேட்டால், அவளுடைய பங்கைத்தான் கேட்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். டொக்டருக்கு அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“பொட்டக் இன்ன.”

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். அன்றைக்குக் கொடுத்த மருந்துகளின் வெற்றுக் குப்பிகளை எடுத்து வரச் சொல்லி, கட்டிலோர அலுமாரியின் மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். எதற்குக் கொடுத்தீர்கள்? எப்போது? கொடுத்த பிறகு என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லச் சொல்ல அவர் தலை ஆட்டிக்கொண்டே வந்தார். வாந்தி மருந்து கூடக்கூட அவளுடைய மூச்சு மேலோடு போயிருந்தது.

“ட்ரமடோல் வலியைக் குறைப்பது இரண்டு மூன்று வழியில்” என்றார். “அதில் ஒரு பங்கு செரட்டோனின் என்ற சாமானைக் கொண்டு, முதுகுத்தண்டில் நடக்கிற வேலை. ஒண்டான்செட்ரோன் வாந்தியை நிறுத்துவதும் அதே செரட்டோனினை ஓரிடத்தில் தடுத்துத்தான். வாந்தியைத் தடுக்கப் போய், வலிக்கு வருகிற உதவியையும் கொஞ்சம் தடுத்துவிடுகிறது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றில்லை. இவருக்கு ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். வலி கூட என்று சொல்லியிருந்தால் நாங்கள் ட்ரமடோலைக் கூட்டியிருப்போம். வாந்தியும் கூடியிருக்கும்.”

அடப்பாவி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். நான் கண்ட முதலாவது சோடி கைகோர்த்துக்கொண்டு ஆளை அமுக்கியது. இது ஒன்றின் காலை மற்றது வாருகிற சோடி.

மருந்தை மாற்றுவது என்றால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போடுவது அல்ல. முதலில் சரோஜாவுக்குக் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, முழங்காலில் தட்டினால் கால் அளவுக்கு மீறித் துள்ளுகிறதா என்று பார்த்தார். செரட்டோனின் அளவு மீறினால் அந்த அடையாளம் தெரியும். ஒன்றும் இல்லை. ட்ரமடோலையும் ஒண்டான்செட்ரோனையும் நிறுத்தினார். மோர்ஃபின் கொண்டு வரச் சொன்னார். இருப்பதே சொற்பம் என்று சின்ன டொக்டர் இழுத்தார். “இருப்பது இவருக்குத்தான்” என்றார். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட். மோர்ஃபின் குடலை மந்தப்படுத்தும், இது குடலைத் தள்ளிவிடும், ஒன்றையொன்று இழுத்துப் பார்க்கும், ஆகவே வயிறு உப்புகிறதா என்று கவனிக்க வேண்டும் என்றார்.

எனக்கு அந்தப் பூண்டுலோயாத் தாத்தாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. “மூச்சு அடங்கிப் போனா?” என்று கேட்டுவிட்டேன்.

“அதற்குத்தான் நான் இங்கே இருக்கிறேன். நீங்களும் இருக்கிறீர்கள்.”

மோர்ஃபினைத் தண்ணீர் சேர்த்து ஐதாக்கி, சொட்டுச் சொட்டாக என்று சொல்லலாம், அவ்வளவு கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்தார். கொடுப்பார், பொறுப்பார், மூச்சைப் பார்ப்பார். நான் சரோஜாவின் விலாவில் கை வைத்தபடி நின்றேன். முதல் தரம் மாற்றமில்லை. இரண்டாம் தரமும் இல்லை. அதற்கடுத்த தரம் கம்பியைப் பிடித்திருந்த விரல் ஒவ்வொன்றாக விட்டது. என் கைக்குக் கீழே அவளுடைய நெஞ்சு அகலமாக, நிதானமாக ஏறியது. மாதாவே என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். முத்தையா மாரியம்மனைக் கூப்பிட்டார். யார் கேட்டாலும் சரி என்று இருந்தது எங்களுக்கு.

கொஞ்சம் கழித்து, தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி, முதுகைத் தாங்கி உட்கார வைத்தோம். “அம்மா, இருமு பாக்கலாம்” என்றார் டொக்டர். சரோஜா இருமினாள், இரண்டு தரம், நல்ல சத்தத்தோடு. சளி வந்தது. ஒரு பெண் சளி துப்பியதைப் பார்த்து மூன்று பேர் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த வாட்டிலேயே அதுதான் முதல் தரமாக இருக்கும்.

மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. கண்டி என்ற பேச்சு நின்றது. பகல் முத்தையா வந்தபோது, “ஏ மனுசா, பொத்தான மாத்திப் போட்டுக்கிட்டு டவுனெல்லாம் நடந்து வந்தியா?” என்று உள்ளிருந்து குரல் கேட்டது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல். எனக்குக் கும்பிடு போட்டார். “எனக்கேன், டொக்டருக்குப் போடுங்க” என்றேன்.

டொக்டர் அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். கிளாஸைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த எண் எதற்கு என்று அவளுக்கு விளக்கும்படி என்னிடம் சொன்னார். நான் வாட்டு முழுக்கக் கேட்கும்படி, தோட்டத்துத் தமிழில், என் நீளமான வாயால் சொன்னேன்:

“சரோஜா, நல்லா கேட்டுக்க. இந்த நம்பர் மருந்துக்கு இல்ல. யார் பங்கையும் இதுல எடுக்க மாட்டோம். ஒனக்கு எம்புட்டு நோவுதுன்னு எங்களுக்குத் தெரியறதுக்கு மட்டுந்தான். கொறச்சுச் சொன்னா நாங்க குருடு. இப்ப சொல்லு, எத்தன?”

சரோஜா டொக்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள். “இப்ப நாலுங்க. நேத்து ஒம்பதுங்க” என்றாள்.

பிறகு பக்கத்துக் கட்டிலிலிருந்து, இரண்டு நாளாக ‘ஒன்னுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த அக்கா, “அப்படின்னா எனக்கு ஏழுங்க மிஸ்ஸி” என்றார். ஜன்னலோரத்திலிருந்து ஒருத்தி, “எனக்கு ஆறு” என்றாள். எதிர் வரிசையில், “எட்டுங்க.” நான் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். டொக்டருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் அவருக்குத் தமிழ் தெரியும்.

கடைசிக் கட்டிலில் இருந்தவளுக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தோம். வந்த நாளிலிருந்து அவள் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை. தலையை மட்டும் தூக்கிக் கேட்டாள்:

“மிஸ்ஸி, எம்புட்டு வரைக்கும் சொல்லலாம்?”

“பத்து வரைக்கும் சொல்லலாம்மா.”

“அப்ப பத்துங்க” என்று சொல்லிவிட்டு, சத்தம் போட்டு அழத் தொடங்கினாள். அனோமா டொக்டர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனார்.